கூப்பிடட்டுமா?

இவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதற்காக அல்ல, கோபம் அவருக்கு அவ்வளவு லேசில் வராது. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவது அவருக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்டவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதுவது நியாயமில்லை என்று தோன்றியதால், பேனாவை எடுக்கும் முன் போன் செய்து கேட்டேன்.

“ஆன்ட்டி, உங்களைப் பத்தி கொஞ்சம் எழுதட்டுமா?”

மறுபக்கம் குக்கர் விசில் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு விசில் போனபிறகு பேசினார்.

“என்னைப் பத்தின்னா எழுதிக்கோ. பேர் போடாதே. மத்தவங்களை உள்ள இழுக்காதே.”

“மத்தவங்க இல்லாம உங்களைப் பத்தி எப்படி ஆன்ட்டி எழுதறது?”

“அது உன் பாடு” என்று வைத்துவிட்டார்.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் நாங்கள் இருந்த தெருவில் அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். முன்னறையை பார்லராக மாற்றியிருந்தார். சுழலும் நாற்காலி ஒன்று, படுத்துக்கொள்ளும் நாற்காலி ஒன்று, சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே சிவப்பு பல்பு எரியும் இருதய ஆண்டவர் படம். வாசலில் பச்சைத் திரை. திரைக்குப் பக்கத்தில், பெண்களுக்கு மட்டும் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை. ஆண்கள் யாராவது மனைவியைத் தேடி வந்தால் தெருவிலேயே நின்று குரல் கொடுக்க வேண்டும். தபால்காரர்கூடத் திரைக்கு வெளியே நின்றுதான் கையை நீட்டுவார்.

புருவம் எடுக்கிறவர்கள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். மிச்ச நூலை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, கத்தரி மாதிரி விரித்து மூடி முடியைப் பிடுங்குவார்கள். நூல் பல்லில் இருக்கும்வரை பேச முடியாது. மற்ற பார்லர்களில் நூலை வாயிலிருந்து எடுத்த மறு நிமிடம் தெருக்கதை ஆரம்பமாகிவிடும். இவர் நேரெதிர். நாற்காலியில் இருக்கிறவள் அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி ஆரம்பித்தால், புருவம் முடிந்திருந்தாலும் நூலை மறுபடி வாயில் எடுத்துக்கொள்வார். புருவத்தில் எடுக்க ஒன்றுமில்லை என்றால் மேலுதடு. அதுவும் முடிந்துவிட்டால் நெற்றி. வம்பு பேசப் போய் நெற்றி வழவழவென்று திரும்பி வந்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

அதற்கும் அசராதவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி. நூலை எடுத்துவிட்டு, செல்போனைக் கையில் எடுத்து, மிகவும் சாதாரணமாகக் கேட்பார்.

“அவங்களையே கூப்பிடட்டுமா?”

மருமகளைப் பற்றி அழுதுகொண்டிருந்த மாமியார் சட்டென்று நிமிர்வார். “ஐயோ, வேணாம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.” கன்னடக்காரப் பெண்கள் வந்தால் “கரீலா?” என்பார். ஃப்ரேசர் டவுனிலிருந்து வரும் முஸ்லிம் பெண்களிடம் “புலாவூங் க்யா?” ஆங்கிலம் பேசும் டீச்சர்களிடம் ஆங்கிலத்தில். எந்த மொழியில் கேட்டாலும் பதில் ஒன்றுதான், வேண்டாம். கூப்பிடுங்கள் என்று அந்த நாட்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இல்லாதவர்களைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசை இருந்தது. அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த ஆசை எங்கே போகிறதோ.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை ஊமைச்சாமி என்று நினைத்துவிடக் கூடாது. எதிரில் இருப்பவரிடம் தாராளமாகப் பேசுவார். தக்காளி விலை, காவேரித் தண்ணீர் வராத நாள், கரண்ட் போனது என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எதிரில் இருப்பவரைப் பற்றி அவரிடமே சொல்வதிலும் ஒளிவுமறைவு கிடையாது. “இந்த நைட் ஷிஃப்ட்டை விடுறியா, இல்ல முகத்தை விடுறியா? ரெண்டுல ஒண்ணுதான் உனக்கு மிஞ்சும்” என்று என் கண்ணுக்குக் கீழே விரலால் அழுத்திக் காட்டினார். ஒரு பணக்கார அம்மாவிடம் “இந்த வயசுக்கு இந்த கலர் டை வேணாம், பூட் பாலிஷ் மாதிரி இருக்கு” என்றார். அந்த அம்மா மறுபடி வரவில்லை.

வராமல் போனது அந்த அம்மாவோடு நிற்கவில்லை. மெயின் ரோட்டில் ஏசி போட்ட புதுப் பார்லர் திறந்தார்கள். அங்கே டிவி இருந்தது, காபி கொடுத்தார்கள், தெருவின் சங்கதிகள் அத்தனையும் கிடைத்தன. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மத்தியான வேளைகளில் இவர் டவல்களை மடித்து அடுக்குவார், அடுக்கியதைக் கலைத்து மறுபடி மடிப்பார். என் அம்மா ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்க சொல்றதுக்கு ஒரு ஊம் கொட்டினா என்ன குறைஞ்சு போயிடும்?”

“ஊம் கொட்டுறதும் பேச்சுதான்” என்றார். டவல் மடிப்பதை நிறுத்தவில்லை.

எனக்கு அப்போது இது வேடிக்கையாக இருந்தது. ஏனென்றால் என் பிழைப்பே பேச்சு. ரிங் ரோடு பக்கம் ஒரு கால் சென்டரில் வேலை. வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போது நாம் பேசாமல் கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் ‘டெட் ஏர்’ என்று எழுதி மார்க் குறைப்பார்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். விடிகாலையில் வண்டி என்னைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது தொண்டை கட்டியிருக்கும். வாசல் தெளித்துக்கொண்டிருக்கும் ஆன்ட்டி என்னைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டுவார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் உலகத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

ஏன் இப்படி என்று ஒரு தவக்காலத்தில் அம்மா அவரைக் கேட்டார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் எதையாவது விடுவார்கள். கறியை விடுவார்கள், சினிமாவை விடுவார்கள், என் மாமா பீடியை விட்டு ஈஸ்டர் அன்று இரட்டிப்பாகப் பிடிப்பார்.

“நான் ஒரு வருஷம் இதை விட்டேன்” என்றார் ஆன்ட்டி. “ஈஸ்டர் வந்துச்சு. எல்லாரும் கறியைத் திரும்ப ஆரம்பிச்சாங்க. நான் இதைத் திரும்ப ஆரம்பிக்கல.”

“அந்த வருஷம் மட்டும் ஏன்?”

“ஒருத்தங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். அது போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிடுச்சு.”

“யாரைப் பத்தி?”

ஆன்ட்டி அம்மாவையே பார்த்தார். அம்மா சிரித்துவிட்டார். சொன்னால் அவர் விட்டதை மறுபடி எடுத்ததாக ஆகிவிடுமே. அந்தக் கதை என்னவென்று இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அன்பியம், அதாவது ஜெபக்குழு, உண்டு. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, வேதாகமம் வாசித்து, ஆளாளுக்கு மன்றாட்டு சொல்லி, டீ குடித்துக் கலைவார்கள். எங்கள் பகுதியில் இதை நடத்தியவர் பெயரையும் சொல்லவில்லை, ஜெபக்கார ஆன்ட்டி என்று வைத்துக்கொள்வோம். நல்ல குரல், நல்ல மனுஷி, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பவர். அவருக்கு இருந்த ஒரே கோளாறு, தெருச் செய்தியை நேராகச் சொல்வது பாவம், மன்றாட்டாகச் சொன்னால் புண்ணியம் என்று நம்பியதுதான்.

“ஆண்டவரே, பெரிய கேட் வீட்டு மூத்த மருமகளுக்குத் திரும்பவும் புருஷன் வீட்டுக்கு வர நல்ல மனசு கொடும்” என்பார் கண்ணை மூடிக்கொண்டு. அந்த மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட விஷயம் அப்போதுதான் பாதிப்பேருக்குத் தெரியும். “கேட்டருளும்” என்று எல்லோரும் பதில் சொல்வார்கள். மிச்ச விவரம் டீயோடு வரும். நாங்கள் கிறிஸ்தவர்கள் வம்பு பேசுவதில்லை, ஜெபிப்போம்.

பார்லர் ஆன்ட்டி இந்த மாதிரி மன்றாட்டுகளுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார். சின்ன அறையில் ஒரு வாய் திறக்காவிட்டால் பளிச்சென்று தெரியும். ஒருமுறை ஜெபக்கார ஆன்ட்டி கேட்டேவிட்டார், உடம்பு சரியில்லையா என்று.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஆண்டவருக்கு வீட்டு அடையாளம்லாம் சொல்லணுமா? அவருக்கு அட்ரஸ் தெரியும்.”

அதற்குப் பிறகு ஜெபக்கார ஆன்ட்டி வீட்டில் டீ அவருக்குக் கொஞ்சம் ஆறித்தான் வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன், அது இல்லாமல் அவர் கதை முடியாது. என் தம்பியிடமும் இதைச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டேன். “எழுதுக்கா. ஆனா கூட்டிக் கீட்டி எழுதாதே” என்றான்.

தம்பி அப்போது குடியில் விழுந்திருந்தான். அப்பா இல்லாத வீடு, அம்மாவுக்கு சர்க்கரை, அவன் வயது அப்படி, சேர்க்கை அப்படி. வீட்டுக் கதவைத் திறந்து வைக்கவே பயமாக இருந்த நாட்கள் அவை. கோலார் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் மறுவாழ்வு இல்லம் ஒன்று இருப்பதையும், அங்கே யாரிடம் பேச வேண்டும் என்பதையும் அம்மாவுக்குச் சொன்னது பார்லர் ஆன்ட்டிதான். தெருவில் ஒருவரிடம் ஒன்றைச் சொன்னால் அது அங்கேயே இருக்கும் என்று அம்மா நம்பக்கூடிய ஒரே இடம் அதுதான். முதல் சில வாரங்கள் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்றார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். கிளம்பும் அன்று தம்பி மாதா படத்துக்கு முன்னால் என்னை நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

“யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா நான் திரும்பி வந்து இந்தத் தெருவுல நடக்க மாட்டேன்.”

தெருவுக்கு, ஸ்டெல்லா, அதாவது நான், சேலத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள், தம்பி ஓசூரில் வேலை கற்றுக்கொள்கிறான் என்று சொல்லி வைத்தோம். அவன் தெளிந்து திரும்பி வந்தான். பைக் ஷோரூம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. சாயங்காலம் நேராக வீட்டுக்கு வந்து அம்மாவோடு சீரியல் பார்க்கிற அளவுக்குத் திருந்திவிட்டான். எங்கள் வீட்டில் மூச்சு விட ஆரம்பித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம். கல் வீடு, முன்னால் மாமரம், பியானோ. மாப்பிள்ளையை நான் இரண்டு முறை சந்தித்தேன், பிடித்துப் போனது. என்னைவிடக் குறைவாகப் பேசுவார், நான் பேசுவதைக் கேட்பார், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும். நிச்சயம் முடிந்து ஓலை வாசிக்கக் கொடுத்தோம். மூன்று ஞாயிறு, பூசை முடிந்ததும் ஃபாதர் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். அதுதான் ஓலை.

முதல் ஓலை வாசித்த வாரம் ஜெபக்கார ஆன்ட்டி வேளாங்கண்ணிக்குப் போனார். அங்கே யாரைப் பார்த்தார் என்று நினைக்கிறீர்கள், சேலத்துச் சித்தியை. “ஸ்டெல்லா உங்க வீட்டுல வந்து இருந்தாளே” என்று இவர் கேட்க, “எங்க வீட்டுலயா? வரவே இல்லையே” என்று சித்தி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம் என்ன. கல்யாண வயசுப் பெண் வாரக்கணக்கில் காணாமல் போகிறாள். போன இடம் பொய். திரும்பி வந்தபோது இளைத்திருந்தாள், தொளதொளவென்று சட்டை போட்டிருந்தாள். மிச்சத்தைத் தெருவே தைத்துக்கொண்டது. கலைக்கப் போனாளாம்.

அடுத்த அன்பியக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, ஷிஃப்ட் இருந்தது. அம்மா போயிருந்தார். ஜெபக்கார ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு, “நம்ம பகுதியில கல்யாண ஓலை வாசிக்கிற ஒரு பிள்ளை, தெரிஞ்சோ தெரியாமலோ பண்ணினதுக்கெல்லாம் மனஸ்தாபப்பட்டு, சுத்தமான மனசோட பீடத்துக்கு வர வேண்டுமென்று” சொல்லியிருக்கிறார். எல்லோரும் “கேட்டருளும்” என்றார்கள். பழக்க தோஷத்தில் அம்மாவும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், அந்த மாதம் எங்கள் பகுதியில் ஓலை வாசிக்கப்படுவது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் என்பது அவருக்கு உறைத்தது.

பார்லர் ஆன்ட்டி வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. எப்போதும் அதோடு விட்டுவிடுவார். அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட முடியாமல் கேட்டிருக்கிறார்.

“ஸ்டெல்லாவைக் கூப்பிடட்டுமா?”

ஜெபக்கார ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். “நாங்க யார் பேரையும் சொல்லலையே. நீங்கதான் சொல்றீங்க.”

அறையில் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மன்றாட்டில் இல்லாத பெயரை, வாயைக் கட்டிய மனுஷி போட்டுக் கொடுத்தது போல ஆகிவிட்டது. அவரே சொல்கிறார் என்றால் விஷயம் உண்மைதான் என்று அந்த ராத்திரிக்குள் தெரு முடிவு கட்டிவிட்டது. எத்தனையோ வருஷம் பேசாமல் சேர்த்து வைத்த நம்பிக்கை, எனக்கு எதிராகச் செலவானது.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று மாப்பிள்ளை போன் செய்தார். அவர் அம்மாவின் காதுக்கு ஏதோ போயிருக்கிறது, நேரில் விசாரிக்கப் போவதாகச் சொல்கிறார் என்றார். “உங்க தெருவுல யாரோ பார்லர் வச்சிருக்காங்களாமே, அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு யாரோ சொன்னாங்களாம். சனிக்கிழமை அங்க போறாங்க.” பிறகு, “நீ எங்க போனன்னு நான் கேக்க மாட்டேன்” என்றார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அவர் கேட்டிருந்தாலும் என்னால் சொல்ல முடியாது.

பெண் பார்க்கும் முன்பும் பின்பும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் வழக்கம். அதற்குப் பார்லரைவிட வசதியான இடம் இல்லை, முகத்தில் கிரீமைத் தடவிக்கொண்டு எதையும் கேட்டுவிடலாம். நான் அன்று சாயங்காலமே ஆன்ட்டியிடம் போய் நின்றேன்.

“சனிக்கிழமை அவங்க அம்மா வருவாங்க. ஸ்டெல்லா நல்ல பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஆன்ட்டி. ஒரே ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் வேணாம்.”

“சொல்ல மாட்டேன்மா.”

நான் எதிர்பார்க்கவில்லை. “கெட்டதுதானே சொல்லக் கூடாது? நல்லது சொன்னா என்ன?”

“இன்னிக்கு உன்னை நல்ல பொண்ணுன்னு சொல்லிட்டா, நாளைக்கு இன்னொரு பொண்ணுக்காக வந்து கேப்பாங்க. நான் பேசாம இருந்தா, அப்ப இவ நல்லவ இல்லன்னு எடுத்துப்பாங்க. அந்தப் பொண்ணு கல்யாணம் என் வாயால நின்னு போகும்.”

“இப்ப என் கல்யாணம் உங்க வாயாலதான் நிக்கப் போகுது. என் பேரை அங்க சொன்னது யாரு?”

கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். “நான்தான். அன்னிக்கு உன் பேரைச் சொல்லியிருக்கக் கூடாது. உங்கம்மா முகத்தைப் பார்த்ததும் அவசரப்பட்டுட்டேன். அது என் தப்பு. உன்கிட்டயும் சொல்றேன், உங்கம்மாகிட்டயும் வந்து சொல்றேன்.”

“மன்னிப்பு வேணாம். வார்த்தை வேணும்.”

“நல்ல பொண்ணுன்னு சொன்னா, அப்ப எங்கதான் போனாள்னு அடுத்தது கேப்பாங்க. அதுக்கு பதில் உன் தம்பிகிட்ட இருக்கு. என்கிட்டயும் இல்ல, உன்கிட்டயும் இல்ல.” பிறகு, “தடை தெரிஞ்சவங்க கோயில்ல வந்து சொல்லட்டும்னு ஃபாதர் எல்லார் முன்னாடியும் கேக்குறாரு. ஃபேஷியல் பண்ணிக்கிட்டே சொல்லச் சொல்லல” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “உங்க தவத்தை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க” என்று சொல்லிவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சத்தியம் செய்தவள் நான். தம்பியிடம் போய், எனக்காக உன் மானத்தை விடு என்று எந்த வாயால் கேட்பேன்? நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவனும் அதே தெருவில்தான் நடந்துபோய் வந்தான், அவனுக்கும் காது இருந்தது. அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். எனக்கு அது வேறு பயம்.

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. பார்லர் ஆன்ட்டி. எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கை எச்சில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஸ்டெல்லா, உன்னைப் பத்தி இங்க ஒருத்தங்க கேக்குறாங்க. அவங்க பக்கத்துலதான் இருக்காங்க, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்குது. நீயே வந்து சொல்றியா?”

நான் எழுந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் போகாமல் இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. கை கழுவிக்கொண்டு செருப்பைப் போடும்போது பின்னால் குழாய்ச் சத்தம் கேட்டது. தம்பி கை கழுவிக்கொண்டிருந்தான்.

“நானும் வர்றேன்கா.”

“நீ இரு. நான் பேசிக்கிறேன்.”

“உன்னால பேச முடியாது. நான்தானே சத்தியம் வாங்குனேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டான்.

பார்லர் வாசலில் தம்பி பலகையைப் பார்த்து நின்றுவிட்டான். அந்தத் தெருவில் வளர்ந்த எந்த ஆணும் அந்தத் திரையைத் தாண்டியதில்லை. உள்ளேயிருந்து ஆன்ட்டி வந்தார், என்னைப் பார்த்தார், பின்னால் நின்றவனைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. தன் கையாலேயே திரையைத் தூக்கிப் பிடித்தார்.

“உள்ள வாப்பா. தலையைக் குனி, கம்பி இடிக்கும்.”

நாங்கள் உள்ளே போனதும் அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கதவில் சாய்ந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தார். திரெடிங்குக்கு வந்த ஒரு பெண்ணிடம் “அரை மணி கழிச்சு வாம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுழல் நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா. கழுத்தில் டவல். ஒரு புருவம் வில்லாக எடுத்திருந்தது, மற்றது அப்படியே அடர்ந்திருந்தது. அந்தக் கோலத்திலும் ரிச்சர்ட்ஸ் டவுன் கம்பீரம் குறையவில்லை.

“உட்காரும்மா” என்றார். “உன்னைப் பத்தி யாரைக் கேட்டாலும் உடனே பதில் சொல்றாங்க. கேக்காததுக்கும் சேர்த்துச் சொல்றாங்க. இவங்க ஒருத்தங்கதான் உன்னையே கூப்பிடட்டுமான்னு கேட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி வெக்கமாப் போச்சு. கூப்பிடுங்கன்னுட்டேன்.”

நான் வாயைத் திறக்கும் முன் தம்பி பேச ஆரம்பித்தான். நின்றுகொண்டே பேசினான். எதையும் மறைக்கவில்லை. குடித்ததை, அம்மாவின் வளையலை எடுத்ததை, கோலார் ரோடு இல்லத்தை, அங்கே நான் வராந்தாவில் படுத்துக்கிடந்ததை, என்னிடம் வாங்கிய சத்தியத்தை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. “நீங்க போய் அங்க சிஸ்டரைக் கேக்கலாம் ஆன்ட்டி. நான் போன் பண்ணித் தர்றேன். அக்காவைப் பத்தி வேற யார்கிட்டயும் கேக்காதீங்க” என்று முடித்தான்.

மாப்பிள்ளையின் அம்மா வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். டெட் ஏர். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமானதை நான் கேட்டதில்லை, அதை நிரப்ப முயலவும் இல்லை.

பிறகு தம்பியிடம் கேட்டார், “இப்ப?”

“இப்ப இல்ல ஆன்ட்டி. தினமும் இல்லன்னு சொல்லிக்கிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.”

அவர் தலையை ஆட்டினார். கதவுப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். பார்லர் ஆன்ட்டி உள்ளே வந்தார். வெயிலில் நின்றதில் முகம் சிவந்திருந்தது. எங்கள் மூன்று பேர் முகத்தையும் அவர் ஆராயவில்லை, என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை. நேராகப் போய் நூல்கண்டைத்தான் எடுத்தார்.

“இந்தப் பக்கத்தையும் முடிச்சிடுங்க” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “நாளைக்கு மூணாவது ஓலை. ஒத்தப் புருவத்தோட நான் கோயிலுக்கு வர முடியாது.”

தம்பி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் படுக்கை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆன்ட்டி நூலை இழுத்து அறுத்தார். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும், இல்ல?”

ஆன்ட்டி நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு விரலால் அவர் மோவாயை மேலே தூக்கினார்.